தங்கப் பங்கு வாங்குமுன்

கேமரன் மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அம்மா, கூடையை நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கிராணி முகம் சுளித்தாலும் அவருக்குக் கவலையில்லை. அவருடைய சேமநிதிப் பணத்தை, இன்னும் தோண்டத் தொடங்காத ஒரு தங்கச் சுரங்க நிறுவனத்தின் பங்கில் போடச் சொல்லி மாமா வந்தார். நம் பகாங்கிலேயே, ரவுப்பில் தங்கம் எடுத்தார்களே என்பது அவர் வாதம்.

எடுத்தது உண்மைதான். ஆனால் 1997-இல் களிமந்தானில் நடந்ததை மறக்கலாமா? பிரி-எக்ஸ் என்ற சிறிய கனடா நிறுவனம் பூசாங் காட்டில் தங்கம் குவிந்து கிடப்பதாக அறிவித்தது. அதன் பங்குகளின் மொத்த மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தொட்டது. துளையிட்டு எடுக்கும் பாறையைப் பிளந்து, ஒரு பாதியை மறுசோதனைக்கு வைப்பது வழக்கம். அவர்களோ முழுவதையும் அரைத்துவிட்டார்கள். மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது. ஃபிரிபோர்ட் நிறுவனம் தானே துளையிட்டுப் பார்த்தபோது சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பங்கு வைத்திருந்தவர்கள் கையில் காகிதம் மிஞ்சியது.

விலை ஏறுமா என்று பிறகு கேட்கலாம். மாதிரியைச் சோதித்தது யார், மறுபாதி எங்கே என்று முதலில் கேளுங்கள். நிலத்தின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது? கையிருப்பு தீர்ந்ததும் புதுப் பங்குகளை வெளியிட்டு நம் பங்கின் அளவைக் குறைத்துவிடுவார்களா? (இதை விற்பவர் தாமாகச் சொல்லமாட்டார்.)

அம்மா மாமாவிடம் ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, நிறுக்கும்போது நீ பக்கத்துல நின்னியா?”

மாமா தன் பணத்தைப் போட்டுவிட்டார். அம்மாவுடையது இன்னும் வாரியத்தில்தான் இருக்கிறது.