வடக்கத்திக்காரனுக்குப் பெயர் இல்லையா?

எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளிகள் பலியானார்கள். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி நடந்த பரிதாபம் இது. பெரும்பாலோர் அஸ்ஸாம்காரர்கள். மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு? "வடக்கத்திப் பசங்களாம் சார், ஒன்பது பேர்." அவ்வளவுதான்!

மவுலிவாக்கத்தை மறந்து விட்டோமா? 2014 ஜூன் 28-ந் தேதி மாலை, 11 மாடி கட்டிடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் பிணமானார்கள். ஆந்திரா, ஒடிசாவில் இருந்து பிழைக்க வந்தவர்கள் அதில் நிறைய. நம் ஊர்க்காரர்களும் உண்டு. இடி விழுந்து இடிந்தது என்று கட்டியவர் தரப்பில் சொன்னார்கள்! நாள் கணக்கில் தோண்டி எடுத்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் பிணவறை வாசலில் நின்று மேஸ்திரியைக் கேட்டிருக்கிறோம். "ராஜுன்னு கூப்பிடுவோம் சார். ஊரு பீகார் பக்கம்." அப்பன் பெயர்? தெரியாது. ஊருக்குத் தந்தி மாதிரி ஒரு போன் போட நம்பர்? அது செத்தவன் செல்போனுக்குள் இருக்கிறது. போன் இடிபாட்டுக்குள் இருக்கிறது.

சட்டம் இல்லையா?

இருந்தது. 1979-லேயே போட்டார்கள். 5 பேருக்குக் குறையாமல் வெளிமாநில ஆட்களைக் கூட்டி வரும் கண்டிராக்டர் லைசென்சு எடுக்கணும். ஆளுக்கு ஒரு பாஸ் புத்தகம், அதில் போட்டோ. மாதச் சம்பளத்தில் பாதி இடமாற்றப் படி. வழிச்செலவு தனி. இதை ஒழுங்காகக் கொடுத்த கண்டிராக்டரை நாம் பார்த்ததில்லை. 2020-ல் தொழில் பாதுகாப்பு தொகுப்புச் சட்டம் கொண்டு வந்து இதை அதில் கரைத்தார்கள். 5 பேர் என்பது 10 ஆயிற்று. பாதிச் சம்பளப் படி போயே போச்சு!

அதே 2020-ல் ஊரடங்கு. பெட்டி படுக்கையோடு நடந்தே கிளம்பினார்கள். வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். கணக்கு இல்லை என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் கைவிரித்தது.

"நம்ம பசங்க வேலையைப் பிடுங்கிட்டாங்க" என்று புலம்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். தமிழகத் தொழிலாளர் துறைக்காக 2016-ல் எடுத்த கணக்கில் வெளிமாநிலத்தார் 10.67 லட்சம் பேர். இத்தனை பேரை இங்கே வரவழைத்தது யார்? குறைந்த கூலிக்கு 12 மணி நேரம் நிற்க ஆள் தேடிய நம் முதலாளிகள்தானே. கோபத்தை அங்கே காட்டுங்கள் அய்யா.

2023 மார்ச்சில் பீகார்காரர்களை இங்கே அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோ கிளம்பியது. போலீசார் மறுத்தும் பயம் அடங்க நாளாயிற்று. திருப்பூரில் பலர் ரெயில் ஏறி விட்டார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. 1966-ல் சிவசேனை தொடங்கிய பிறகு பம்பாயில் "மதராசி" என்று விரட்டப்பட்டது யார் என்று தாராவியில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. பிளான் அனுமதி நம்பரை எழுதி கட்டிட வாசலில் போர்டு வைக்கிறார்களே, அதன் பக்கத்தில் அன்றைக்கு உள்ளே வேலை செய்பவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் கொண்ட பதிவேடு இருக்கணும். வாரம் ஒரு நகல் தொழிலாளர் துறைக்கும் போலீஸ் நிலையத்துக்கும் போகணும். பதிவேடு இல்லாத இடத்தில் அடுத்த மாடிக்குக் கான்கிரீட் போட விடக்கூடாது.