முதல் இரண்டு வருசத்தை யார் தாங்குறது?

இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்து வரம்பில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். நான் சேதன விவசாயத்தைப் பற்றிப் பெரிய உற்சாகத்தில் சொல்லிக்கொண்டே போக, தோட்டக்காரர் வேலையை நிப்பாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பசளை போடாமச் செய்யலாம். தெரியாம இல்ல. ஆனா முதல் ரெண்டு வருசம் விளைச்சல் குறைஞ்சா, என்ட கடன ஆர் கட்டுற?"

என்னிடம் பதில் இல்லை. சிரிச்சுச் சமாளிச்சிட்டு வந்திட்டன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தக் கமக்காரர் குழுவிடமும் போய் "மாறுங்கோ" என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2005இலிருந்து நெல்லுக்கு 50 கிலோ பசளைப் பையை 350 ரூபாய்க்குக் கொடுத்துப் பழக்கியது அரசுதான். 2019 தேர்தலில், பத்து வருசத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று கோட்டாபய ராஜபக்ச சொன்னார். பத்து வருசம் என்று சொன்னது, 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானியோடு முடிந்தது. இரசாயனப் பசளையும் மருந்தும் இறக்குமதி செய்யத் தடை. பதிலுக்கு என்ன போடுவது? சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான பக்டீரியா இருக்கிறதென்று நம் நாட்டுப் பரிசோதனையே சொன்னது. இறக்க விடவில்லை. ஆனால் 67 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுப்போயிருந்தது. 2021இல் சுமார் 51 லட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2022இல் சுமார் 34 லட்சம் தொன்னாக விழுந்தது.

இதைப் பார்த்துப் பலர் "சேதன விவசாயமே ஏமாத்து" என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இதில் தெரிகிற பாடம் வேற. ஒரு மாற்றத்தின் முழுச் செலவையும் கமக்காரன் ஒருத்தன் தலையில் கட்டினால், எவ்வளவு நல்ல யோசனையும் செத்துப்போகும். அந்தத் தடை செய்தது அதைத்தான். ஒருநாள் பயிற்சி வைத்து, பேனர் கட்டி, சோத்துப் பார்சல் கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு போகிற திட்டங்களும் சின்ன அளவில் அதைத்தான் செய்கின்றன.

சரி, அப்படியென்றால் விட்டுவிடலாமே? இறக்கக்கண்டி மாதிரி ஊரில் விட ஏலாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். மணலில் யூரியா நிற்காது. தண்ணி விட விடக் கரைந்து கீழே போகும். கற்பிட்டியிலும் இதே மாதிரி மணல்தான், இதே மாதிரித் தோட்டம்தான். அங்கேயும், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும், கிணத்துத் தண்ணியில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கின்றன. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டினால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு. எங்கட பக்கம் தோட்டக் கிணறும் குடிக்கிற கிணறும் ஒரே மணலுக்குள் இருந்துதான் தண்ணி எடுக்குது. அதனால் இங்கே நாம் பேசுவது கிணத்தைப் பற்றியும்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. அப்படியென்றால் ஒரு பையின் இடத்துக்குச் சுமார் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் தொன் கூட்டெரு வேணும். அதிலும் ஒரு பங்குதான் அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஒரு பையைச் சைக்கிளில் கொண்டு வரலாம். இரண்டு தொன்னை யார் சேர்ப்பது, யார் புரட்டுவது, யார் சுமப்பது? பல வீடுகளில் அந்த வேலை பெண்களின் முதுகில்தான் விழும். அதற்குக் கூலி எழுதாத திட்டம் பொய்க் கணக்கு.

விளைச்சலும் குறையும். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சேதன விவசாயத்தில் சராசரியாக 20, 25 வீதம் குறைவு. அதோடு, பெரும்பாலான சான்றிதழ் முறைகளில் இரண்டு, மூன்று வருசம் மாறுகிற காலம் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் விளைந்ததைச் சேதன விளைச்சல் என்று விற்க முடியாது. செலவு கூட, விளைச்சல் குறைவு, விலை பழைய விலை. தோட்டக்காரர் கேட்ட இரண்டு வருசம் இதுதான்.

இதைத் தாங்கத்தான் குழு. கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புகள் ஏற்கனவே இருக்கின்றன. அவை மானியத்துக்குப் பெயர் எழுதுகிற இடமாக மட்டும் இருந்தால் போதாது. என் மனதில் இருப்பது இவ்வளவுதான்:

முதலாவது, பத்துப் பாத்தியில் ஒரு பாத்தி. பத்துப் பேர் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றட்டும். அதில் 25 வீதம் குறைந்தாலும் அவரவர் மொத்த விளைச்சலில் இழப்பு இரண்டரை வீதம். அதைக் குழுவின் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்யலாம். உதவ வருகிற நிறுவனம் பேனருக்குக் கொடுக்கிற காசை இந்தப் பணத்துக்குக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, பசளையைச் சேர்ந்து செய்வது. வேலியில் கிளிரிசிடியா நட்டுக் குழை வெட்டித் தாழ்க்கலாம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குக் குழையும் பனையோலையும் புதைப்பது பரம்பரைப் பழக்கம். மாட்டுப்பட்டியை இரவில் காணியில் அடைப்பதும் பழசுதான். மீன்பிடிக்கிற ஊரில் மீன் கழிவுக்குப் பஞ்சமா?

மூன்றாவது, போகத்துக்கு ஒருமுறை கிணத்துத் தண்ணியைப் பரிசோதித்து எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைப்பது. விளைச்சலை எடை போடுகிற மாதிரி இதையும் அளக்க வேணும்.

நான்காவது, விற்கிற வழி. பெரிய சான்றிதழுக்குச் சின்னத் தோட்டக்காரரிடம் காசில்லை. ஆனால் ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் குழுச் சான்று முறை இந்தியாவிலும் பிரேசிலிலும் நடக்கிறது. நிலாவெளி ஹோட்டல்கள் பக்கத்தில்தானே இருக்கின்றன. வாங்குகிறவர் நேரில் வந்து பார்க்கக்கூடிய தூரம்.

ஆனால் ஒன்று. குத்தகைக் காணியில் செய்கிறவர் ஏன் மண்ணை வளர்க்க வேணும்? அடுத்த வருசம் அது வேறொருவர் கையில். குறைந்தது ஐந்து வருசக் குத்தகை எழுத்தில் இல்லாவிட்டால், மேலே சொன்னது எல்லாம் காணி சொந்தமாக இருக்கிறவருக்கு மட்டும்தான்.

நேரம் எடுக்கும். சிக்கிம் 2003இல் தீர்மானம் எடுத்தது, முழுச் சேதன மாநிலம் என்று அறிவித்தது 2016இல். பதின்மூன்று வருசம். ஆந்திராவில் 2004 அளவில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களை வைத்து, முதலில் பூச்சிமருந்தை மட்டும் குறைத்துத்தான் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொடுத்தவர்களில் பலர், முதலில் தங்கள் வயலில் செய்து பார்த்த விவசாயிகள்.

இதை வாசிக்கிற எங்களில் பலருக்குக் காணி இல்லை, மண்வெட்டி பிடித்த கையும் இல்லை. ஆனால் கணக்கு எழுதத் தெரியும், தண்ணி மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகத் தெரியும், ஹோட்டல் மனேஜரோடு பேசத் தெரியும். குழுவுக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்போம். அறிவுரை பிறகு.

திரும்பவும் அந்த வரம்புக்குப் போனால் இப்படித்தான் சொல்லுவேன்: "உங்கட கடன ஒருத்தரும் முழுசாக் கட்டமாட்டினம். ஒரு பாத்தியில தொடங்குவம். அதில நட்டப்பட்டா பத்துப் பேரும் பிரிச்சுக் கட்டுவம். நானும் ஒரு பங்கு." கடைசி வார்த்தையைச் சொல்லத் தயாரில்லை என்றால், நான் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.