கைவிடும் மரம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் உப்பங்கழியில் தோணியேறிச் செல்வோர் சுரபுன்னை மரங்களைக் காணலாம். இம்மரம் தன் வித்தைக் கிளையிலேயே முளைக்கச் செய்து, சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்த பின்னரே கைவிடுகிறது. நீர் வற்றியிருந்தால் நாற்று அடியிலேயே சேற்றில் ஊன்றி நிற்கும். பெருகியிருந்தால் மிதந்து சென்று வேறிடத்தில் வேர் கொள்ளும்.

1922 பிப்ரவரியில், சௌரி சௌராவில் போலீஸார் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, காந்தியடிகள் பர்தோலி சட்டமறுப்பைக் கைவிட்டார். சிறையிலிருந்த தலைவர்கள் மனங் கொதித்தனர். அடிகளோ மனச்சாட்சி சொன்னபடியே நின்றார். எட்டாண்டுகள் கழித்து, 1930-இல், அவ்வித்துத் தண்டியின் உப்புக் கரையில் வேரூன்றிற்று.

கல்விக்காகவோ உத்தியோகத்துக்காகவோ மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுவே: முளைக்கும் வரை சுமந்தீர்கள், இனி விடுங்கள். வேளை வந்துவிட்டதா என்று ஊராரைக் கேட்க வேண்டாம்; உங்கள் உள்ளத்தையே கேளுங்கள்.