இன்னொரு சாவி யாரிடம்?

இரண்டு மாத நாய்க்குட்டியால் 2 மணி நேரம், மிஞ்சிப்போனால் 3 மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். ஒரு ஷிஃப்டு 8 மணி நேரம். பெருநகரத்தில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் 10. தனியாக வசித்துக்கொண்டு, ஷிஃப்டு வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு குட்டியையும் வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் போட்டுப்பார்க்க வேண்டிய கணக்கு இது. பலர் போடுவதில்லை. என்ன ஜாதி, என்ன நிறம், காது நிமிருமா மடங்குமா, என்ன பெயர் வைக்கலாம் என்பதையெல்லாம் ஒரு வாரம் யோசிக்கிறார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டுக் கதவை யார் திறப்பார்கள் என்று யோசிப்பதில்லை.

ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஷிஃப்டு வேலை இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் 1912இலேயே 8 மணி நேர வேலை வந்துவிட்டது. ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு என்று ஆலைச் சங்கின் கணக்கில் வாழ்ந்து பழகிய ஊர்கள் நம் நாட்டில் பல. ஆனால் அங்கே டியூட்டிக்குப் போகிறவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. குவார்ட்டர்ஸுக்கு ஒரு முற்றம் இருந்தது. நாய் அந்த முற்றத்தில் வளர்ந்தது. அதற்குச் சோறு வைத்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள்.

இன்றைய நிலைமை வேறு. பெங்களூரிலும் குருகிராமிலும் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருப்பவர், தில்லி மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்க்கும் செவிலியர், மும்பை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்பவர் எனப் பலரும் ஒற்றை அறை ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார்கள். காலை ஏழரைக்கு அவர்கள் படியேறும்போது எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுத்துணை இல்லாத வீட்டைத் திறக்கும்போது வாலாட்ட ஒரு ஜீவன் இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயல்புதான்.

குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் அத்தனை சுலபமில்லை. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகள். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அது கற்க வேண்டியவை அதற்குள் நிறைய. எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3ஆவது வாரத்திலிருந்து 12ஆவது வாரம் வரை குட்டி யாரோடு, எதனோடு பயமில்லாமல் பழகுகிறது என்பது அதன் பிற்காலக் குணத்தை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது. இந்தக் கணக்கின்படி, குட்டி உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அந்தப் பருவத்தில் மிச்சமிருப்பது சுமார் 4 வாரம்தான். அந்த 4 வாரத்தையும் தினம் 10 மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்த குட்டி, ஒரு வயதில் குடை விரித்தால் நடுங்கும். லிஃப்டுக்குள் வராது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைப் பார்த்துப் பாயும்.

வெளியே கூட்டிப்போய்ப் பழக்கலாம் என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1978 வாக்கில் உலகமெங்கும் பரவிய பார்வோ வைரஸ் தெரு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வரும். தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போட்டு முடிக்க வேண்டும். அதுவரை மற்ற நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போகத் தடையில்லை. பால் வாங்கப் போகும்போது தூக்கிப் போங்கள். ஆட்டோ சத்தம், குக்கர் விசில், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலைப்பாகை, ஹெல்மெட் எல்லாவற்றையும் அது உங்கள் தோளிலிருந்து பார்க்கட்டும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஷிஃப்டு எதுவானாலும் கால் மணி நேரம் கிடைக்கும்.

இரவு ஷிஃப்டுதான் மோசம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் அதற்கு உற்சாகமான நேரம். காலை ஏழரைக்கு நீங்கள் திரும்பினால் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு இருவருமே தூங்கலாம். நிலையான இரவு டியூட்டிக்கு நாய் பழகிக்கொள்ளும். திண்டாட்டம் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்டில்தான்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. நாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் எதற்குப் பின் எது வரும் என்பது நன்றாகத் தெரியும். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யர் பாவ்லோவின் நாய்களுக்கு, உணவு வாய்க்கு வருமுன்பே, கொண்டுவருகிறவரின் காலடிச் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. எனவே மணியை மாற்றலாம், வரிசையை மாற்றக் கூடாது. கதவைத் திறந்ததும் முதலில் சிறுநீர் கழிக்கும் இடம், பிறகு சாப்பாடு, சாப்பிட்ட கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே இடம், பிறகு விளையாட்டு, பிறகு தூக்கம். நீங்கள் திரும்புவது காலை ஏழானாலும் இரவு பதினொன்றானாலும் இந்த வரிசை பிசகாதிருந்தால் குட்டி தடுமாறாது. ஷிஃப்டு மாறப்போகிறது என்று ரோஸ்டரில் தெரிந்ததும் சாப்பாட்டு நேரத்தைத் தினம் ஒரு மணி நேரமாக நகர்த்திக்கொண்டே வரலாம். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 4 வேளை. மூன்று மாதத்துக்கு மேல் 3. ஆறு மாதத்துக்கு மேல் 2. தயிர்சாதமும் பாலும் ரொட்டியும் மட்டும் கொடுத்து வளர்ப்பது நம் பழக்கம். வளரும் குட்டிக்கு அது போதாது. முட்டையோ இறைச்சியோ குட்டிகளுக்கான உணவோ வேண்டும்.

வீட்டில் ஒரு மூலையைத் தடுத்து அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் செய்தித்தாள், நடுவில் தண்ணீர். தண்ணீர்ப் பாத்திரம் கவிழாததாக இருக்கட்டும். பால்கனி வேண்டாம். மே மாத தில்லியில் பிற்பகல் பால்கனி அடுப்புக்குச் சமம். மின்வெட்டில் ஃபேன் நின்றுபோகும் என்பதையும் யோசித்து மூலையைத் தேர்ந்தெடுங்கள். நான்காவது மாதத்திலிருந்து பால் பற்கள் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 28 பற்கள் போய் 42 வந்தாக வேண்டும். அந்த அவஸ்தையில் அது எதையும் கடிக்கும். செல்போன் சார்ஜரின் வயர் அதன் வாய்க்கு எட்டினால் போவது வயர் மட்டுமல்ல, குட்டியின் உயிரும்தான்.

சேர்த்து வைத்த லீவு இருந்தால் குட்டி வரும் முதல் 10 அல்லது 15 நாட்களுக்கு எடுங்கள். அந்த நாட்களிலும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் 5 நிமிடம், பிறகு 10, பிறகு அரை மணி என்று வெளியே போய்த் திரும்பிப் பழக்குங்கள். போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை குட்டிக்கு அப்படித்தான் வரும். லீவு முழுக்க மடியில் வைத்திருந்துவிட்டு 16ஆம் நாள் 10 மணி நேரம் காணாமல் போனால், அது ஊளையிடுவதில் ஆச்சரியமில்லை.

லீவு முடிந்த பிறகுதான் தலைப்பில் உள்ள கேள்வி எழுகிறது. நாய்களை 6 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே விட வேண்டும், குட்டிகளை அதைவிட அடிக்கடி என்று ஸ்வீடனில் விதியே இருக்கிறது. நம் நாட்டில் அப்படி விதி இல்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு: அக்கம்பக்கம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பெரியவர், பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, கீழ்த்தளத்தில் நாய்க்காக ஏங்கி வீட்டில் அனுமதி கிடைக்காத கல்லூரிப் பையன் என்று யாரோ ஒருவர் இருப்பார். அவரிடம் இன்னொரு சாவி இருக்க வேண்டும். உங்கள் ஷிஃப்டின் நடுவே ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, வந்து குட்டியைக் கவனித்துவிட்டுப் போக வேண்டும். இதை உதவியாகக் கேட்காமல் வேலையாகப் பேசி மாதாமாதம் பணம் கொடுப்பது நல்லது. உதவிக்கு வருகிறவர் ஒரு நாள் மறந்துபோகலாம். சம்பளத்துக்கு வருகிறவர் வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வார். கேமரா பொருத்தி அலுவலகத்திலிருந்து செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். குட்டி அழுவதைக் கேமரா காட்டும். தூக்கிக்கொள்ளாது.

இந்த இன்னொரு ஆள் எதற்கு என்பது குட்டிக்கு உடம்பு சரியில்லாத அன்று புரியும். பார்வோ தாக்கினால் முதலில் சாப்பிடாது, பிறகு வாந்தி, பிறகு நாற்றமெடுக்கும் ரத்தபேதி. அன்றைக்கே டிரிப்ஸ் ஏற்றாவிட்டால் இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். இரவு ஒன்பதுக்கு நீங்கள் கிளம்பும்போது சற்றே சோர்வாக இருந்த குட்டி, காலை ஏழுக்குள் தலை தூக்க முடியாமல் கிடக்கலாம். நடுராத்திரியில் ஒருவர் வந்து பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். மும்பையில் 2024இல் மகாலட்சுமி பகுதியில் திறக்கப்பட்ட டாடா டிரஸ்ட்ஸின் சிறு பிராணிகள் மருத்துவமனை போன்றவை எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் ஊரில் இரவில் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதைக் குட்டி வருமுன்பே விசாரித்து, அவரது எண்ணைக் கதவில் ஒட்டிவையுங்கள். குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். அதற்கும் தயாராக இருங்கள்.

குட்டியின் பல் பட்டுத் தோல் கீறினால், சின்னக் குட்டிதானே என்று டியூட்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுவது குட்டிக்கு 3 மாதம் ஆன பிறகுதான். ஒரு வருடம் கழித்து மறுபடியும் போட வேண்டும். கீறிய இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

குடியிருப்போர் சங்கம் தடுக்குமே என்ற பயம் பலருக்கு. பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, குரைக்கிறது என்ற காரணத்துக்காக வெளியேற்றச் சொல்லக் கூடாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சங்கத்துக்கு அதைக் காட்டலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் நாய் கூடாது என்று எழுதியிருந்தால் அது தனி வழக்கு. எந்த வழிகாட்டுதலும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூங்க வைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். முதல் வாரம் சத்தம் இருக்கும் என்று முன்பே போய்ச் சொல்லிவிடுவது மரியாதை.

இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம் இருக்கிறது. 2020இல் பொதுமுடக்கத்தின்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்த பலர் குட்டி வாங்கினார்கள். அலுவலகம் திரும்பக் கூப்பிட்டபோது அவற்றில் எத்தனையோ தெருவுக்கு வந்தன. வீட்டு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. குப்பையில் எது உணவு, எந்தத் தெரு எந்த நாயினுடையது என்று அறியாமல் சில நாட்களிலேயே வண்டியில் அடிபடும், இல்லையென்றால் கடிபட்டுச் சாகும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். சட்டம் பயமுறுத்தித் தடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

குட்டிதான் வேண்டும் என்ற கட்டாயமில்லாதவருக்கு இன்னொரு யோசனை. காப்பகங்களில் இரண்டு மூன்று வயது நாட்டு நாய்கள் காத்திருக்கின்றன. தடுப்பூசி முடிந்து, பல் முளைத்து, குணம் தெரிந்த நாய்கள். அவற்றால் கூடுதல் நேரம் அடக்கிக்கொள்ளவும் தனியாக இருக்கவும் முடியும். உச்சி வெயிலில் ஹஸ்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதைவிட இது ஷிஃப்டு வேலைக்காரருக்கு ஏற்றது.

குட்டியேதான் வேண்டுமென்றால், முன்பணம் கொடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த மாத ரோஸ்டரை எடுத்து மேஜையில் விரித்து, ஒவ்வொரு டியூட்டிக்கும் எதிரே, நடுவில் வந்து கதவைத் திறக்கப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பினால் குட்டியைக் கூட்டி வாருங்கள். பாதிக் கட்டம் காலியாக இருந்தால், ஷிஃப்டு மாறும்வரையோ ஆள் கிடைக்கும்வரையோ பொறுத்திருங்கள். அதுவரை குட்டி அதன் தாயோடு இருக்கட்டும்.