லைன் கிளியர் கொடுக்க ஒரு ஆள் வேணும்

மாடல் ரயில் வச்சிருக்கிற நண்பர்களுக்காக ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச பதிவு இது. கொஞ்சம் திட்டும் இருக்கும், கோவிச்சுக்காதீங்க :-)

நம்ம ஆளுங்கள்ல ரெண்டு வகை. ஒருத்தர் எஞ்சினை வாங்கி, பெட்டியைக் கூடப் பிரிக்காம அலமாரியில அடுக்குவார். இன்னொருத்தர் பத்து வருஷம் மலை, சுரங்கம், மரம், மாடு எல்லாம் செஞ்சு, நடுவுல ஒரு ரயிலை வட்டமா சுத்த விடுவார். வீட்டுக்கு வர்றவங்க "அட, சூப்பரா இருக்கே"ன்னு அஞ்சு நிமிஷம் பார்ப்பாங்க. காபி வந்துடும். சுவிட்ச் அணைஞ்சுடும். அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: கட்டி முடிச்சா அது மாடல். நாலு பேர் சேர்ந்து டைம்டேபிள் போட்டு ஓட்டினாத்தான் அது ரயில்வே.

இதை ஆப்பரேட்டிங் செஷன்னு சொல்றாங்க. ஒருத்தர் கன்ட்ரோலர், ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ரயிலுக்கு ஒரு டிரைவர், ஒரு கார்டு. எந்த வண்டி எங்கே நிக்கணும், எதுக்கு வழி விடணும், எந்த வேகனை எங்கே கழட்டி விடணும், எல்லாத்துக்கும் விதி உண்டு. அமெரிக்காவுல ஃபிராங்க் எலிசன்னு ஒருத்தர் 1940கள்லயே இதைப் பத்தி விலாவாரியா எழுதியிருக்கார். அவருக்கு மாடல் ரயில்ங்கறது ஒரு நாடக மேடை மாதிரி. ரயில்கள்தான் நடிகர்கள். மேடையை மட்டும் கட்டிட்டு நாடகமே போடலைன்னா எப்படிங்க?

இந்த நாடகத்துக்கு எங்க நீலகிரி மலை ரயிலை விட நல்ல கதை கிடைக்காதுன்னு சொல்வேன். ஊர்ப் பாசம்னு நினைச்சுக்காதீங்க, காரணம் இருக்கு.

மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,200 மீட்டர். நடுவுல 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. குன்னூர் வரைக்கும் 1899ல வந்தது, ஊட்டிக்கு 1908ல. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 12 அடி போனா ஒரு அடி ஏற்றம். அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச ரெண்டு சட்டம். ஒண்ணோட பல்லுக்கு நேரே இன்னொண்ணோட பள்ளம் வர்ற மாதிரி பக்கத்துப் பக்கத்துல மாத்திப் போட்டிருப்பாங்க. ஒண்ணு விடுற நேரத்துல இன்னொண்ணு பிடிச்சிருக்கும். ரோமன் ஆப்ட்ங்கிற ஸ்விஸ் எஞ்சினியரோட யோசனை இது.

இதை விட முக்கியமான விஷயம் ஒண்ணு. மலை ஏறும்போது எஞ்சின் முன்னால இழுக்கறது இல்லை, பின்னால இருந்து தள்ளுது. டிரைவருக்கு முன்னால பாதை தெரியாது! பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நின்னு, முன்னால இருந்து பின்னால வரைக்கும் கொடியைக் கைமாத்திக் காட்டிக்கிட்டே வருவாங்க. பச்சைன்னா போ, சிவப்புன்னா நில்லு. முன்னால யானை நிக்குதா, பாறை கிடக்குதான்னு டிரைவர் இன்னொருத்தர் கண்ணால பார்த்துத்தான் வண்டியை ஓட்டணும். யுனெஸ்கோ 2005ல உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சது பல்சக்கரத்தையும் பாலங்களையும் பார்த்து. என்னைக் கேட்டா, அந்தக் கொடிகளுக்கே ஒரு பட்டயம் தனியாக் கொடுத்திருக்கலாம்.

எங்க செஷன் இந்த ஏற்றப் பகுதியைத்தான் எடுத்துக்குது. எச்ஓ அளவுன்னா 87ல ஒரு பங்கு. மொத்தப் பாதையையும் கணக்குப் பார்த்தா 530 மீட்டர் வரும், நம்ம வீட்டு அறைக்கு ஆகுமா? அதனால கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர்னு நாலே ஸ்டேஷன். ஆறு பேர். அடிப்பலகை பழைய தேயிலைப் பெட்டி பிளைவுட். மலைச்சரிவு மண்ணு, காய வச்ச டீத்தூள் சக்கை. (குன்னூர்ல அதுக்கா பஞ்சம்?) எஞ்சின் ஜெர்மனியோட பெமோ கம்பெனி செஞ்ச ஸ்விஸ் மாடல். நெஜ மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களும் ஸ்விட்சர்லாந்துல விண்டர்தூர்ல பொறந்ததுதானே, ஒண்ணுக்குள்ள ஒண்ணு!

இன்னைக்கு சீசன் ஸ்பெஷலை விட்டா மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்குக் காலையில ஒரே வண்டிதான். அதையே ஓட்டினா ஒருத்தர் வேலை பார்க்க அஞ்சு பேர் கொட்டாவி விடணும். அதனால கற்பனையா நாலு ஜோடி வண்டி, கூட ஒரு கூட்ஸ். கடிகாரம் ஆறு மடங்கு வேகம். அஞ்சு மணி நேரப் பயணம் அம்பது நிமிஷத்துல முடியும்.

டோக்கனுக்குக் கோலிக்குண்டு. ஒரு பகுதிக்கு ஒரே கோலி. அது கையில இல்லாம எந்த வண்டியும் நகரக் கூடாது. டிரைவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், கார்டு சொல்றதை நம்பித்தான் ஓட்டணும். நடுவுல சீட்டு எடுப்போம். "மண்சரிவு", "பாதையில யானை"ன்னு ஏதாவது வரும். உடனே கன்ட்ரோலருக்கு வேர்க்கும்.

இதுல நட்பு எங்கே வருதுன்னு கேக்கறீங்களா?

எங்க கூட்டத்துல ரெண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வீடு. தண்ணிக் குழாய்த் தகராறுல ஒரு வருஷம் பேச்சே இல்லை. சமாதானம் பண்றேன்னு போனவங்க எல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம். செஷன்ல ஒருத்தர் ஹில்குரோவ் மாஸ்டர், மத்தவர் ரன்னிமேடு மாஸ்டர். வேற வழியே இல்லை. "லைன் கிளியர் கிடைக்குமா?" "கொடுத்தாச்சு." ஆறேழு மாசம் அவங்களுக்குள்ள இருந்த மொத்தப் பேச்சே அவ்வளவுதான். அப்புறம் ஒரு மழை ஞாயித்துக்கிழமை, "கொடுத்தாச்சு"க்கு அப்புறம் "கால் வலி எப்படி இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை சேர்ந்து வந்தது. நாங்க யாரும் தலையைத் தூக்கலை. வண்டி பாட்டுக்குப் போயிட்டிருந்தது.

நம்ம ஊர்ல அம்பது வயசு தாண்டின ஆம்பளைங்களுக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறதுக்கே ஏதாவது காரணம் வேணும். கல்யாணம், கருமாதி, கடன். சும்மா "உன்னைப் பார்க்கணும்னு தோணுச்சு"ன்னு சொல்ல வராது, கூச்சம். "ரெண்டரை மணி பாசஞ்சருக்கு ஆள் இல்லை, வந்துடு"ன்னு சொல்றதுல கூச்சமே இல்லை. எங்க கூட்டத்துல மூத்தவர் ஒருத்தருக்குக் கண்பார்வை குறைஞ்சு போச்சு. அவர் இப்போ கல்லாறு மாஸ்டர். மணி அடிக்கறதும், கோலியைத் தடவிப் பார்த்துக் கொடுக்கறதும் அவர் வேலை. அவர் கொடுக்காம ஒரு வண்டி ஏற முடியாது. இரக்கப்பட்டு உட்கார வச்ச இடம் இல்லை அது. ஒரு வாரம் அவர் வரலைன்னா ரயில்வே நின்னுடும். வயசான காலத்துல "நீ வரலைன்னா வேலை நடக்காது"ன்னு சொல்ல நாலு பேர் இருக்கறது சாதாரணமா?

"ஆபீஸ்ல படற பாடு போதாதா, ஞாயித்துக்கிழமையும் டைம்டேபிளா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஆபீஸ்ல லேட்டானா மெமோ வரும், இங்கே லேட்டானா போண்டா ஆறிப் போகும். விதி இருக்கறது விளையாட்டைக் கெடுக்காதுங்க. விதி இல்லைன்னா கிரிக்கெட் எங்கே, கபடி எங்கே? "செலவு ஜாஸ்தி"ன்னு சொல்றவங்களுக்கு: ரெண்டு தண்டவாளம், நாலு பாயின்ட், ஒரு எஞ்சின், அஞ்சு வேகன் போதும். கலிஃபோர்னியாவுல ஜான் ஆலன்னு ஒரு மேதை, கிட்டத்தட்ட அவ்வளவை மட்டும் வச்சு டைம்சேவர்னு ஒரு ஷண்டிங் விளையாட்டே கண்டுபிடிச்சார்.

அந்த ஜான் ஆலன் கதையையும் சொல்லிடறேன். வீட்டுக்குக் கீழே பெரிய ரயில்வே ஒண்ணைப் பல வருஷமாக் கட்டினார். நண்பர்கள் வழக்கமா வந்து சேர்ந்து ஓட்டுவாங்க. 1973 ஜனவரியில மாரடைப்புல போயிட்டார். பத்து நாள்ல வீடு தீப்பிடிச்சு, அந்த ரயில்வேயும் பெரும்பகுதி போச்சு. அதுக்கப்புறமும் அரை நூற்றாண்டா அந்த ரயில்வேயைப் பத்திப் பேச்சு ஓயலை. கூட நின்னு ஓட்டினவங்க அதை மறக்க விடலை.

நம்ம மலைல ஈரம் ஜாஸ்தி. பிளைவுட் உப்பும், தண்டவாளம் கருக்கும். அலமாரியில வச்சிருக்கிற எஞ்சினுக்கும் அதே கதிதான். நமக்கப்புறம் பசங்க அதை என்ன பண்ணுவாங்கன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால அண்ணன்மாரே, இந்த வாரமே அந்தப் பெட்டியைப் பிரிங்க. பக்கத்து வீட்டுக்காரர் கையில ஒரு கோலிக்குண்டைக் கொடுங்க.

டிஸ்கி: குன்னூர் பக்கம் வர்றவங்க சொல்லிட்டு வாங்க. கன்ட்ரோலர் வேலை மட்டும் கேக்காதீங்க, அதுக்கு ஏற்கெனவே மூணு பேர் அடிச்சுக்கறாங்க :-)