குடித்தனக்காரன் சாமானுக்குக் காவல் எது?

வீடு வீட்டுக்காரருடையது, மறுக்கவில்லை. சுவர் அவருடையது, கூரை அவருடையது, கிணறும் மோட்டாரும் அவருடையவை. ஆனால் உள்ளே கிடக்கும் கட்டில் யாருடையது? கிரைண்டர் யாருடையது? தவணை இன்னும் கட்டி முடியாத பிரிட்ஜ் யாருடையது? மாதம் பிறந்தால் தவறாமல் வாடகையை எண்ணி வைக்கும் தொழிலாளியுடையவை அல்லவா! வெள்ளம் வந்து வடிந்த பிறகு வீட்டுக்காரரின் சுவர் நிற்கிறது. கழுவிச் சுண்ணாம்பு அடித்தால் பழையபடி வீடாகிவிடும். குடித்தனக்காரனின் தட்டுமுட்டுச் சாமான்களோ தெருவிலே குப்பையாகக் குவிந்து கிடக்கின்றன.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி, சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் முடிச்சூரிலும் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் ஏரியாக்கிவிட்டுப் போயிற்று. வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்து, தரையெல்லாம் கறுப்பாகப் படிந்தது. பத்து வருஷச் சேமிப்பு ஒரே இரவில் ஊறிப் போவது என்றால் என்ன என்பதை மாடி வீட்டுக்காரர்களுக்கு விளக்கலாம். நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரசு உதவவில்லை என்று சொல்லமாட்டோம். தண்ணீர் புகுந்த குடும்பத்துக்கு 2015-ல் 5,000 ரூபாய், 2023-ல் 6,000 ரூபாய் தந்தார்கள். அடுப்பெரிய உதவிய பணம் அது. அதை இகழ்வது நம் வேலையல்ல. ஆனால் அதற்குப் பெயர் நிவாரணம்; நஷ்ட ஈடு அல்ல. 6,000 ரூபாயில் பிரிட்ஜும் வாங்க முடியாது, பீரோவும் வாங்க முடியாது. அதுவும் ரேஷன் கார்டைப் பார்த்து வந்த பணம். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்து, கார்டை ஊரிலே வைத்துவிட்டு, இங்கே ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறவன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையிலேதான் இன்ஷூரன்ஸ் என்ற பேச்சை எடுக்கிறோம். “அதெல்லாம் காரும் பங்களாவும் உள்ளவர்களுக்கு” என்று நம்மிலே பலர் கையை உதறிவிடுகிறார்கள். வேறு சிலரோ, “வீட்டுக்காரர்தான் போட்டிருக்கிறாரே” என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போட்டிருப்பார், பாங்கிலே கடன் வாங்கும்போது போடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் கட்டிலுக்கு அதிலே ஒரு காசு கிடையாது.

குடித்தனக்காரன் தன் சாமானுக்கு மட்டும் தனியே காப்பீடு எடுக்க வழி இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் விற்கும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. பெயர் நம் வாயில் நுழையாத பெயர்தான், அது கிடக்கட்டும். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவற்றால் வரும் நஷ்டம் அதிலே அடக்கம். கட்டடத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். ஏன் எந்த ஏஜெண்டும் நம் தெருவுக்கு வந்து இதைச் சொல்வதில்லை? பிரிமியம் சிறியது, அதிலே அவருக்குக் கிடைப்பது அதைவிடச் சொற்பம். தேடிப் போனால்தான் உண்டு.

தேடிப் போகும் தோழர் மலிவை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. மலிவான குடை மழையிலே ஒழுகுமானால் அதைச் சுமப்பானேன்? “வெள்ளத்துக்கு உண்டா தம்பி?” என்று கேட்டால், “எல்லாத்துக்கும் உண்டு அண்ணே” என்பார் விற்க வந்தவர். எல்லாத்துக்கும் என்பது பாலிசியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வெள்ளம் என்ற சொல் அங்கே இருக்க வேண்டும். திருட்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: மேலே சொன்ன பொதுப் பாலிசியில், வெள்ளமோ தீயோ வந்து அதன் காரணமாக 7 நாளைக்குள் திருட்டு நடந்தால்தான் பணம். சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் கிடையாது; அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகையையும் தனியாக எழுதிச் சேர்த்தால்தான் சேரும். ரொக்கம் சேராது. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் சேராது. அதற்குச் சட்டப்படி எடுத்திருக்கும் ‘தேர்டு பார்ட்டி’ இன்ஷூரன்ஸ், நம் வண்டி அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்குத்தான். நம் வண்டியே தண்ணீரில் மூழ்கினால் அதிலிருந்து ஒன்றும் வராது. கூரை கீற்றா, தகரமா, தளமா என்பதை மறைக்காமல் சொல்லி, ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தைத்துப் பிழைக்கும் தாய்மார்கள், தையல் மிஷின் வீட்டுச் சாமானா தொழில் கருவியா என்பதை எழுத்திலே வாங்கிவிட வேண்டும்.

தொகை விஷயம் ஒன்று. பிரிமியம் குறையட்டும் என்று 1 லட்ச ரூபாய்ச் சாமானை 50,000 ரூபாய்க்கு எழுதுகிறார்கள். பழைய வழக்கப்படியுள்ள பாலிசிகளில் இதற்கு ஒரு வெட்டு உண்டு: 20,000 ரூபாய்க்கு நஷ்டம் வந்தால், “பாதிக்குத்தானே எழுதினாய், பாதி வாங்கிக்கொள்” என்று 10,000 கொடுப்பார்கள். 2021-ல் வந்த பொதுப் பாலிசியில் இந்த வெட்டு இல்லை. அதற்காகக் குறைத்து எழுதுவதும் புத்திசாலித்தனமல்ல. எழுதிய தொகைக்கு மேல் எதிலும் வராது.

சாமான்களை இன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து, பில் இருந்தால் அதையும் எடுத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் மாநகராட்சி லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும், கம்பெனியின் சர்வேயர் அதற்குப் பின்னாலே வந்து, “எங்கே சாமான்?” என்று கேட்பார். ஆகவே வீசி எறியும் முன் நனைந்த சாமானையும் படம் பிடித்து, உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இவ்வளவும் தனி மனிதன் செய்துகொள்வது. ஆள்வோர் செய்ய வேண்டியது என்ன?

தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜி.எஸ்.டி. வரி இல்லை என்று 2025 செப்டம்பர் 22 முதல் ஆக்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வீட்டுச் சாமான் காப்பீடு அந்தச் சலுகையிலே இல்லை. அதற்கு நூற்றுக்குப் பதினெட்டு! 1,000 ரூபாய் பிரிமியம் கட்டுகிறவன் 180 ரூபாயை வரியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். தன் பாயையும் பாத்திரத்தையும் காப்பாற்ற நினைத்த குற்றத்துக்கா இந்த வரி?

விபத்தில் உயிர் போனால் 2 லட்சம் தருவதற்கு ஒரு திட்டம் 2015-ல் வந்தது. ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த பிரிமியத்தை 2022-ல் 20 ரூபாய் ஆக்கினார்கள். கோடிக்கணக்கானவர் ஒன்றாகச் சேர்வதால் அவ்வளவு குறைவாக முடிகிறது. அதே கணக்கு சாமானுக்கு ஏன் பொருந்தாது? கட்டடத் தொழிலாளருக்கு நல வாரியம் இருக்கிறது. மற்ற அமைப்புசாராத் தொழிலாளருக்கும் வாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியல் கையிலே இருக்கிறது. ஏழைக் குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசே பிரிமியம் கட்டும் திட்டத்தை 2009-லேயே தமிழ்நாடு கண்டுவிட்டது. வாரியத்தின் மூலம் மொத்தமாக ஒரு பாலிசி, வாடகை வீட்டிலிருக்கும் உறுப்பினரின் சாமானுக்கு, வெள்ளமும் தீயும் உட்பட எடுக்க வேண்டும் என்கிறோம். கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்போம்.

யாரிடம் எடுப்பது? 1973 ஜனவரி 1-ல் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி நான்காகச் சேர்த்தார்களே, அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையிலேதான் இருக்கிறது. ஏழைத் தெருவுக்கு இன்ஷூரன்ஸ் போகவேண்டும் என்பதற்காகவும்தானே நாட்டுடைமை! ஆனால் 2021-லே, அந்தக் கம்பெனிகளில் சர்க்கார் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்ற சட்ட வேலியையே பிடுங்கி எறிந்தார்கள். அதே ஆண்டில் அந்நிய முதலீட்டின் வரம்பையும் 74 விழுக்காடாக்கினார்கள். லாபத்தைத் தேடி வருகிற முதலாளி புளியந்தோப்புக் குடித்தனக்காரனைத் தேடி வருவானா?

நம் தோழர்களிலேயே ஒருவர் கேட்டார்: “இன்ஷூரன்ஸ் வந்துவிட்டால், கால்வாய் தூர்வாரும் கடமையை அரசு தட்டிக்கழித்துவிடாதா?” கேட்கவேண்டிய கேள்விதான். கால்வாய் அரசின் கடமை. அதிலே ஒரு முழம்கூட விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் கால்வாய் சீராகும் வரை எத்தனை கார்த்திகை, எத்தனை மார்கழி? அதுவரை அவன் கட்டிலுக்கு யார் பொறுப்பு?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலே தொடங்கிவிடும். அதற்கு முன்பே வட்டக் கழகத் தோழர்கள் வாடகைக் குடித்தனங்களை வீடு வீடாகக் கணக்கெடுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லாதவருக்கு எழுதி வாங்கிக் கொடுங்கள். அந்த முகவரியில் குடியிருக்கிறார் என்பதற்கு அதுதான் சான்று. நல வாரியத்துக்கு எழுதும் மனுவில் மொத்தப் பாலிசி, ஜி.எஸ்.டி. நீக்கம் என்ற இரண்டையும் கேளுங்கள். கையெழுத்து வாங்கும்போது, போன வெள்ளத்தில் அந்த வீட்டில் என்னென்ன போயிற்று என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.