பள்ளத்தை மறைக்கும் வண்டி

அரிசோனாவில் இருக்கும் என் மாப்பிள்ளை ஒரு வண்டி வாங்கப் போகிறார். ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை. இரண்டு பேரோ நாலு பேரோ அருகருகே உட்கார்ந்து பாலைவனத்திலும் மணல்மேட்டிலும் பாய்கிற வண்டி. அங்கே ‘சைடு-பை-சைடு’ என்கிறார்கள். கார் மாதிரி ஸ்டியரிங், பெல்ட், தலைக்கு மேலே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, அரைக் கதவு. விலை மட்டும் முழுக் காரின் விலை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரத்தில் முதல் வரி குதிரைத்திறன், இரண்டாவது வரி சஸ்பென்ஷன் எத்தனை அங்குலம். கூடவே குரல் செய்தி: “மாமா, நீங்க ஸ்பிரிங் தொழிற்சாலையில முப்பது வருஷம் இருந்தவங்க. இதைப் பாருங்க, சும்மா மெத்தை மாதிரி இருக்கு.”

அதுதான் என் பயமே. போன டிசம்பரில் அங்கே போயிருந்தபோது அப்படி ஒரு வண்டியில் ஏறிவிட்டு வந்தவன் நான். அந்த அங்குலக் கணக்கைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் சண்டையாகிவிடும்.

முதலில் அங்குலம் என்றால் என்ன என்று பார்ப்போம். சக்கரம் கீழே முழுதாகத் தொங்கும் நிலையிலிருந்து மேலே முழுதாக அமுங்கும் நிலை வரை எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதே அது. ‘டிராவல்’ என்பார்கள். 2007இல் போலாரிஸ் கம்பெனி ஆர்.இசட்.ஆர். என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது அதன் அகலம் 50 அங்குலம். அமெரிக்க வனத்துறைப் பாதைகள் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை என்பதால் அந்த அளவு. பிறகு பந்தயம் ஆரம்பித்தது. எக்ஸ்.பி. 1000 என்று 2013இல் வந்ததில் முன்னால் 16, பின்னால் 18 அங்குல டிராவல். 2016இல் கேன்-ஆம் கம்பெனியின் மேவரிக் எக்ஸ்3 வந்தது. அதன் அகலமான வகையில் 24 அங்குலம். இப்போது போலாரிஸின் புரோ ஆர் 29 அங்குலம் என்று விளம்பரப்படுத்துகிறது. குதிரைத்திறன் 225. அகலம் 74 அங்குலம்.

டிராவல் கூடக்கூட அகலமும் ஏன் கூடுகிறது? சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு கதவு மாதிரி கீலில் ஆடுகிறது. மேலே 25 டிகிரி, கீழே 25 டிகிரிக்கு மேல் ஆடவிட்டால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் தாங்காது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கை 60 சென்டிமீட்டர் நீளம் என்றால் சக்கரம் சுமார் 51 சென்டிமீட்டர், அதாவது 20 அங்குலம் ஏறி இறங்கும். இன்னும் வேண்டுமென்றால் கையை நீட்டியே ஆகவேண்டும், கை நீண்டால் வண்டி அகலமாகும். பின்சக்கரத்தில் வேறு வழியைப் பிடித்தார்கள். வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கி நீளும் ‘டிரெய்லிங் ஆர்ம்’ போட்டு, சக்கரம் சாயாமல் இருக்கக் குறுக்கே இரண்டு தண்டுகளைக் கொடுத்தார்கள்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஸ்பிரிங் அடியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். அதைத் தின்று சூடாக்கித் தீர்ப்பது ஷாக் அப்சார்பர். தொடர்ச்சியான மேடுகளில் பத்து நிமிடம் பாய்ந்தால் உள்ளே எண்ணெய் கொதிநிலையை நோக்கிப் போகும். நுரைத்தால் வேலை செய்யாது. அதற்காகத் தனியாக ஒரு குப்பி, அதில் நைட்ரஜன் அழுத்தம். உயர்ந்த வகைகளில் பிஸ்டன் நடுப்பகுதியில் இருக்கும்போது எண்ணெய் சுற்றுவழியில் எளிதாக ஓடும். கடைசிப் பகுதிக்கு வரும்போது அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுத் தானாகவே இறுகும். சின்ன மேட்டுக்குப் பஞ்சு, பெரிய குதிப்புக்குப் பாறை. இதைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் காலத்தில் லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் அடுக்கி, சோதனை இயந்திரத்தில் எத்தனை லட்சம் தடவை அமுக்கினால் உடையும் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது வேறு உலகம்.

ஆனால் அந்தப் பட்டை ஸ்பிரிங் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது. உடைந்த பட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த ஒரு லாரி டிரைவர் என்னிடம் சொன்னார்: “பட்டை கத்துச்சுன்னா கால் தானா ஆக்சிலேட்டர்ல இருந்து எந்திரிச்சிடும் சார்.” இடுப்பிலும் பல்லிலும் வாங்குகிற அடிதான் அவருக்கு ஸ்பீடாமீட்டர்.

கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் கிளாமிஸ் என்ற இடத்தை ஒட்டி இம்பீரியல் மணல்மேடுகள். கண்ணுக்கு எட்டிய வரை மணல். மேட்டின் அந்தப் பக்கம் வருகிறவருக்குத் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு வண்டியிலும் எட்டடி உயரத்தில் கொடி கட்டியாக வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர் ஓட்டினார். அலை அலையாக இருந்த மணலில் வண்டி போனது. சக்கரங்கள் முழங்கால் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் சோபாவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஐம்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மானியைப் பார்த்தேன். 58 மைல். அதாவது 93 கிலோமீட்டர்.

முப்பது வருடம் சஸ்பென்ஷனோடு குடித்தனம் நடத்தியவனுக்கே தெரியவில்லை.

கணக்குப் போடுங்கள். 50க்கும் 93க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் வண்டியில் உள்ள சக்தியும், நிற்கத் தேவையான தூரமும், திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மூன்றரை மடங்கு. பக்கவாட்டில் 0.7 ஜி விசை வரும் அளவுக்கு வளைத்தால், 50 கிலோமீட்டரில் 28 மீட்டர் ஆரத்தில் திரும்பலாம். 93இல் 97 மீட்டர் வேண்டும். ஐம்பதில் போகிறோம் என்று நினைத்தவன் ஐம்பதுக்கு உரிய அளவு ஸ்டியரிங்கை ஒடிப்பான். சக்கரம் வழுக்கினால் பிழைத்தான். மணலில் புதைந்து பிடித்துக்கொண்டால் வண்டி உருளும். 29 அங்குல டிராவல் மேலும் கீழும் வரும் அடிக்கு மருந்து. பக்கவாட்டு விசைக்கு அதனிடம் மருந்து இல்லை. சக்கரத்துக்கு மேலே ஏற இடம் விட்டு உடலை உயரத் தூக்கி வைப்பதால் பாதகமும் உண்டு. அகலத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இது கிழவனின் கற்பனை இல்லை. யமஹா கம்பெனியின் ரைனோ என்ற வண்டி 2003இல் விற்பனைக்கு வந்தது. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தன. ஆணையம் விசாரித்த ஐம்பதுக்கு மேற்பட்ட சம்பவங்களில் 46 சாவு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவிழ்ந்தவை. பழுதுபார்ப்பு என்ன தெரியுமா? பின்சக்கரங்களுக்கு உள்ளே ஒரு ஸ்பேசர் வைத்து அகலப்படுத்துவது; பின்பக்க ஸ்வே பாரைக் கழற்றிவிடுவது. அந்த ஒற்றைக் கம்பி பின்பக்கத்தை இறுக்கியதால் வளைவில் பின்சக்கரம் முதலில் பிடியை இழந்து, வண்டி ஓட்டுபவர் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பியது. கழற்றிய பிறகு விபத்துகள் குறைந்தன என்று அதே ஆணையம் பின்னால் எழுதியது. சஸ்பென்ஷனில் ஒரு கம்பி மனித உயிரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2014இல் ஆணையம் ஒரு விதியை முன்மொழிந்தது. பக்கவாட்டில் குறைந்தது 0.70 ஜி வரை கவிழாமல் தாங்கவேண்டும். வளைவில் பின்பக்கம் முந்தக்கூடாது. பெல்ட் போடாவிட்டால் 15 மைலுக்கு மேல் ஓடக்கூடாது. இன்னொன்றும் இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு வண்டியும் எத்தனை ஜி வரை தாங்கும் என்ற எண்ணை ஓர் அட்டையில் அச்சிட்டு விற்பனைக்கூடத்தில் வண்டியிலேயே தொங்கவிட வேண்டும். தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அது கட்டாய விதி ஆகவில்லை. 2016இல் தொழில்துறையின் தன்னார்வத் தரநிலையைத் திருத்திக்கொண்டார்கள். நான் புரட்டிப் பார்த்த விற்பனை ஏடுகளில் டிராவல் எத்தனை அங்குலம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது; எத்தனை ஜியில் கவிழும் என்று எங்கும் இல்லை.

மாப்பிள்ளை என்ன சொல்வார் என்று தெரியும். “மாமா, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் ஷாக் அப்சார்பர்.” உண்மைதான். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வேகம் என்ன, வண்டி காற்றில் பறக்கிறதா என்றெல்லாம் பார்த்து, வளைவில் வெளிப்பக்க ஷாக் அப்சார்பரைக் கண நேரத்தில் இறுக்குகிறது. சாய்வு குறைகிறது. நல்லது. ஆனால் சாய்வும் ஓர் எச்சரிக்கை, அதையும் எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அளந்துகொண்டிருக்கும் அந்தப் பெட்டி, ‘இந்த வேகத்தில் இவ்வளவு திருப்பாதே’ என்று ஒரு சிவப்பு விளக்கையாவது காட்டலாமே? நான் ஏறிய வண்டியில் அந்தத் திரை பாட்டின் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது.

ரோட்டுக் காரும் மெத்தை மாதிரிதானே போகிறது என்று கேட்பார். ரோட்டின் வளைவை ஓர் இன்ஜினியர் வேகம் கணக்கிட்டுப் போட்டிருக்கிறார், பலகை வைத்திருக்கிறார். நேற்று இருந்த மணல் உச்சி இன்று காற்றில் வேறு மாதிரி. ஏறும் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் செங்குத்து. அமெரிக்காவில் காருக்கு எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 2012 முதல் கட்டாயம். இவற்றுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பாஹாவிலும் டக்காரிலும் இதே வண்டிகள் ஓடுகின்றனவே என்றால், ஓடுகின்றன. அங்கே ஓட்டுபவருக்கு ஹெல்மெட், கழுத்துப் பட்டை, ஐந்து முனை பெல்ட் இருக்கின்றன, வழி சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறார். அங்குலங்கள் அவர்களுக்காகப் பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறவருக்கு அவற்றை விற்கும்போது பாதியைத்தான் விற்கிறார்கள்.

பேரனுக்குப் பத்தரை வயது. கம்பெனிக்காரர்களின் கையேட்டிலேயே பயணிக்கு 12 வயது ஆகியிருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கைப்பிடி எட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். “அவர்கிட்ட நீங்களே சொல்லுங்கப்பா” என்றாள்.

சொன்னேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “புக்கிங்கைத் தள்ளிப் போடுறேன் மாமா, ஆனா வாங்காம இருக்க மாட்டேன்” என்றார். சரி என்றேன். விற்பனைக்கூடத்தில் கேட்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறேன்: இந்த வண்டி எத்தனை ஜியில் கவிழும்? இரண்டு கடைகளில் கேட்டிருக்கிறார். இரண்டிலும் 29 அங்குலத்தைப் பற்றியே பேசினார்களாம்.